கொங்கு நாட்டு உணவும் விளையாட்டு ஊட்டச்சத்தியலும்

விளையாட்டு ஊட்டச்சத்தியல் என்பது பயிற்சிக்கும் போட்டிக்கும் உடலுக்குத் தேவையான சத்துகளை ஆராயும் துறை. அதன் பரிந்துரைகள் கிராம் கணக்கில் அமைந்தவை. வீரர்கள் உண்பதோ சோறும் பருப்பும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற உதவுவது உணவுச்சத்து அட்டவணை. இந்தியாவில் அந்த அட்டவணை கோவைக்கு அருகே, நீலகிரி மலையில் உருவானது.

குன்னூர் ஆய்வகம்

ராபர்ட் மெக்கரிசன் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அது 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசி மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. இதை அரிசியின் குறை என்று மட்டும் கொள்ள முடியாது. அவ்வுணவில் பாலும் பருப்பும் காய்கறியும் குறைவு. தீட்டும்போது தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் போய்விடுகிறது.

1935-ல் இயக்குநரான டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937-ல் வெளியிட்டார். ஆய்வகம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன.

கோவையில்

தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவினார். பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள அவ்வளாகத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி இயங்குகிறது. 1957-ல் அவர் பெண்களுக்காகத் தொடங்கிய மனையியல் கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தர் ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ். இவ்வாறு உடற்கல்வி, உணவியல் ஆகிய இரண்டுக்கும் கோவையில் ஒருவரே அடித்தளமிட்டார்.

அளவும் நேரமும்

1967-ல் சுவீடன் ஆய்வாளர்கள் தசையில் சேரும் கிளைக்கோஜனின் அளவு நீண்டநேர உழைப்புத் திறனைத் தீர்மானிப்பதையும், மாவுச்சத்து மிகுந்த உணவு அதை உயர்த்துவதையும் காட்டினர். அவ்வகையில் சோறு ஓட்டக்காரருக்கு எரிபொருள். 2016-ல் அமெரிக்க, கனடா அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட பரிந்துரையின்படி, நாளுக்கு 1 முதல் 3 மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6-10 கிராம் மாவுச்சத்து தேவை; விளையாட்டு வீரர்களுக்கான புரத அளவு கிலோவுக்கு 1.2-2 கிராம்.

60 கிலோ எடையுள்ள வீரருக்கு இது குறைந்தது 360 கிராம் மாவுச்சத்தும் 72 கிராம் புரதமும் ஆகும். சமைக்காத எடையில் 350 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு, 50 கிராம் நிலக்கடலை ஆகியவற்றுடன் அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம் சேர்ந்தால் இரண்டும் கிட்டும். கொங்குச் சமையலின் அரிசிம்பருப்பு சாதம் இக்கணக்கின் பெரும்பகுதியை ஒரே பாத்திரத்தில் தருகிறது. முட்டை உண்ணாதவர் கடலையையும் கொள்ளையும் கூட்டலாம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. ஆனால் 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. கேழ்வரகு கால்சியம் தரும். கம்பு இரும்புச்சத்து தரும். எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றின் உயிர்ச்சத்து சி இரும்பு உட்கிரகிப்பைக் கூட்டும். உணவோடு அருந்தும் தேநீர் அதைக் குறைக்கும்.

நேரமும் முக்கியம். நார்ச்சத்து மிகுந்த கொள்ளு, போட்டிக்கு முன் வயிற்றைக் கனக்கச் செய்யும். பயிற்சி நாளின் இரவுக்கு அது ஏற்றது. போட்டிக்கு முன் எளிதில் செரிக்கும் இட்லியும் வாழைப்பழமும் போதும். வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் உப்பிட்ட மோர் ஈடுசெய்யும்.

துணைப்பொடிகள்

புரதப் பொடிகள் வசதிக்கு உதவலாம்; ஆனால் சிலவற்றில் சீட்டில் குறிப்பிடாத தடைசெய்யப்பட்ட பொருள்கள் கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு. தெரியாமல் உட்கொண்டாலும் தடை வரலாம். எளிய குடும்பத்து வீரருக்கு அது பல ஆண்டு உழைப்பின் இழப்பு. எனவே வீட்டு உணவைக் கணக்கிட்டுப் பார்த்து, அதில் எட்டாத அளவுக்கு மட்டும் மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் அறிவுரைப்படி துணைப்பொருளை நாடுவதே பாதுகாப்பானது.