பஞ்ச விதித்தொகுப்பு

மழை பொய்த்துப் பஞ்சம் தலைதூக்கும்போது அதிகாரிகள் எப்போது, என்ன செய்ய வேண்டும் என வரையறுத்த பிரிட்டிஷ் இந்தியாவின் நிர்வாக விதிகள். இந்திய அரசு 1883-இல் மாதிரித் தொகுப்பை வெளியிட்டது; அதையொட்டி மாகாணங்கள் தத்தம் தொகுப்புகளை வகுத்துக்கொண்டன.

1866-இல் ஒரிசாவில் தானியம் இறக்க அரசு தாமதித்ததால் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். 1873–74-இல் பீகாரில் ரிச்சர்ட் டெம்பிள் பர்மா அரிசியை ஏராளமாக இறக்கினார். சாவு குறைந்தது, ஆனால் வீண்செலவு என்ற கண்டனம் எழுந்தது. தாது வருடப் பஞ்சத்தின்போது (1876–78) சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட அவரே, நிவாரண வேலைக்கான கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்ததையடுத்து, 1877-இல் கூலி உயர்ந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இத்தகைய நிவாரண வேலையில் வெட்டப்பட்டதே.

பஞ்சத்தை ஆராய 1878-இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த ஆணையம் 1880-இல் தந்த அறிக்கையே தொகுப்புக்கு அடிப்படை. தானிய விலையேற்றம், ஊரைவிட்டுப் பிழைக்கப் போவோரின் எண்ணிக்கை, திருட்டு ஆகியவற்றின் பெருக்கம் முன்னறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. அவை தென்பட்டதும் குறைந்த கூலியில் சோதனை வேலை தொடங்கப்படும். அதற்கும் ஆட்கள் திரண்டால் துயரம் மெய்யென்று முடிவாகும். பின்னர் பஞ்சம் அறிவிக்கப்பட்டு, வேலைகள் விரிவாக்கப்படும். உழைக்க இயலாதோருக்கு இலவச உதவி வழங்கப்படும். நிலவரி வசூல் ஒத்திவைக்கப்படும்.

பஞ்சத்தை அறிவிப்பது அரசின் விருப்பமாக இருந்ததே இந்த ஏற்பாட்டின் பெருங்குறை. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் அறிவிக்கப்படவேயில்லை. அறிவித்தால் விதிப்படி வழங்கத் தானியம் கையிருப்பில் இல்லை. இறந்தோர் ஏறத்தாழ 15 லட்சம் என உட்ஹெட் ஆணையம் மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்களின் கணக்கு இதைவிட அதிகம்.

விடுதலைக்குப் பின் மாநிலங்கள் இவ்விதிகளைத் திருத்திக் கையாண்டன. 1972–73 வறட்சியின் அனுபவத்தால் மகாராஷ்டிரம் 1977-இல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்குமான ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலையை உரிமையாக்கியது. அவ்வாண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வறட்சிக்கும் பொருந்தும். பீகார், குஜராத், ஹரியானா மாநிலங்கள் வறட்சியை அறிவிக்கத் தயங்கியதை 2016-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்து, வறட்சி மேலாண்மைக் கையேட்டைத் திருத்த ஆணையிட்டது. அவ்வாண்டு இறுதியில் வந்த புதிய கையேடு மழைக்குறைவு, பயிர்நிலை, மண் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு ஆகியவற்றை அளவுகோல்களாக்கியது. ஆயினும் அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுகளிடமே உள்ளது.