சில்லறையில் லட்சம் இருக்கா?

வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காயின் இருந்தா லட்சக்கணக்குல பணம் கிடைக்கும்னு ஒரு ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். எங்க அம்பத்தூர் பக்கம் இன்னொரு வதந்தியும் சுத்துது: பத்து ரூபாய் காயின் செல்லாதாம்! ஒரு வதந்தி நாணயத்தை லட்சமாக்குது, இன்னொன்னு பூஜ்யமாக்குது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். கையில இருக்கிற நாணயத்தை நாம படிக்கிறதே இல்ல.

படிச்சுப் பார்ப்போமா? வருஷத்துக்குக் கீழே டைமண்ட் குறி இருந்தா அது மும்பையில அச்சானது. நட்சத்திரம்னா ஹைதராபாத், வட்டப் புள்ளின்னா நொய்டா. எதுவுமே இல்லன்னா கொல்கத்தா. 1985-ஆம் வருஷத்து ஒரு ரூபாய்கள் சிலதுல 'எச்'னு ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். அது இங்கிலாந்தோட பர்மிங்காம்ல அச்சடிச்சு வந்தது.

நான் தேடுறது 1995 திருவள்ளுவர் நாணயம். தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1, 2, 5 ரூபாய்களில் வெளியிட்டாங்க. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சில்லறை வாங்கும்போதெல்லாம் புரட்டிப் பார்க்கிறேன், இன்னும் மாட்டல.

பழைய நாணயங்கள் எங்கே போச்சு? அந்தக் கால அஞ்சு ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்த 9 கிராம் காசு. இப்போ வர்ற பித்தளை நிறக் காசு அதை விட எடை குறைவுதான். நாணயத்தின் மதிப்பை விட உலோகத்தின் விலை ஏறிட்டா, அதை உருக்குறதுதான் லாபம். நம்ம நாணயங்களைக் கடத்திட்டுப் போய் வங்கதேசத்தில் ஷேவிங் பிளேடு செய்றாங்கன்னு 2007-லயே செய்தி வந்தது.

பழசுங்கிறதுக்காக மட்டும் ஒரு காசுக்கு விலை ஏறாது. எத்தனை அச்சாச்சு, எவ்வளவு தேயாம இருக்கு, யார் தேடுறாங்க, இந்த மூணும்தான் விலையைத் தீர்மானிக்கும். புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்கினா இருக்கிற மதிப்பும் போயிடும்.

பழைய காசை வாங்கிக்கிறோம், முதல்ல கமிஷன் கட்டுங்கன்னு யாராவது கேட்டா போனை வச்சிடுங்க. தன் பேரைச் சொல்லி இப்படி மோசடி நடக்குதுன்னு ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரிச்சிருக்கு. அதே ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் இன்னொன்னும் சொல்லுச்சு: அதுவரை வந்த 14 வகை பத்து ரூபாய் காயினும் செல்லும். அடுத்த தடவை கடைக்காரர் வாங்க மாட்டேன்னு சொன்னா, இந்த விஷயத்தைச் சொல்லிட்டு நீட்டுங்க.