கல்லுக்கு இல்லாத பூட்டு

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களைவிடச் சுவரைச் சேவிக்க வருகிறவர்களே அதிகம் என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்கு வகுத்த விதிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. அவை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சென்ற முறை நான் போனபோது ஒரு பையன் செல்போனில் அந்தச் சுவரை வரி வரியாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். 1898-ல் கல்வெட்டு இலாகாவினர் இதே எழுத்துக்களைப் படி எடுத்தார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது அவர்கள் முறை. கல் இரண்டு பேரையும் தடுக்கவில்லை. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க ராஜராஜ சோழன் உத்தரவிட்டபோது, பழைய சுவரை இடிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுக்களை ஏட்டில் பெயர்த்து எழுதச் சொன்னானாம். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவற்றை மறுபடி வெட்டினார்கள். பிரதி எடுத்ததால் பிழைத்தது.

கல்வெட்டுக்கள் பலவற்றின் கடைசியில் ‘பன்மாகேசுவர ரட்சை’ என்றோ ‘ஸ்ரீவைஷ்ணவ ரட்சை’ என்றோ இருக்கும். பின்னால் வருகிறவர்களே, இது அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ரட்சை என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு என்பதை, அந்தக் கோயிலிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில், என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா தெருக்கூத்துக்காரர். துரியோதனன் வேஷம் கட்டினால் முன் வரிசைக் குழந்தைகள் தாயார் மடிக்குள் போய்விடும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கலன்று அவருடைய ஜமாவின் ஆட்டத்தை ஒரு தொலைக்காட்சியில் அரை மணி நேரம் காட்டினார்கள். வீட்டில் டிஷ் இணைப்பு. பெட்டியின் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் பதிவாகும் என்றார்கள், பதிவாயிற்று. அடுத்த வருஷம் பெரியப்பா காலமானார். பெரியம்மா மாதம் ஒரு முறையாவது அதைப் போடச் சொல்லிப் பார்ப்பாள்.

போன ஐப்பசியில் இடி விழுந்து அந்தப் பெட்டி கருகியது. புதுப் பெட்டி வந்தது. டிஸ்கைச் செருகினால், ‘இதை அழித்துப் புதிதாக்கிக் கொள்ளலாமா?’ என்று கேட்டது. நல்ல வேளை, யாரும் ‘ஆம்’ என்று சொல்லவில்லை. பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பையனிடம் எடுத்துப் போனேன்.

“டிஸ்க் நல்லாத்தான் இருக்குண்ணா. படமும் உள்ளேதான் இருக்கு. சாவிதான் அந்தப் பழைய பொட்டியோட போயிடுச்சு” என்றான்.

விஷயம் இதுதான். டிஷ்ஷில் வரும் கட்டணச் சானல்கள் சங்கேதமாக்கப்பட்டு வருகின்றன. பெட்டிக்குள் இருக்கும் சாவி அதைத் திறந்து காட்டுகிறது. அதைப் பதிவு செய்யும்போது பெட்டி தனக்கே உரிய ஒரு சாவியால் மறுபடி பூட்டி வைக்கிறது. வேறு பெட்டியிலோ கம்ப்யூட்டரிலோ போட்டால் வெறும் எழுத்துக் குப்பை. பெட்டியிலிருந்து டெலிவிஷனுக்குப் போகும் ஹெச்.டி.எம்.ஐ. கம்பியிலும் ஒரு காவல் உண்டு. மறுமுனையில் இருப்பது அனுமதி பெற்ற கருவிதானா என்று விசாரித்த பிறகே படத்தை விடும்.

இந்தப் பூட்டுக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1975-ல் ஸோனி கம்பெனி பீட்டாமாக்ஸ் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் டெலிவிஷனைப் பதிவு செய்தால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று அடுத்த வருஷமே இரண்டு ஹாலிவுட் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. கோர்ட்டில் தோற்றதைப் பட முதலாளிகள் மின்சாரத்தில் ஜெயிக்கப் பார்த்தார்கள். மறு வருஷமே மாக்ரோவிஷன் வந்தது. அந்தத் தந்திரம் உள்ள காஸெட்டைப் பிரதி எடுத்தால் படம் ஒரு நிமிஷம் வெளிறும், ஒரு நிமிஷம் இருளும். எங்கள் ஊரில் டெக் வாடகைக்கு விட்டவர் அதை வோல்டேஜ் கோளாறு என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் தூர்தர்ஷனில் வந்ததை டெக்கில் பிடிக்க அப்போது ஒரு தடையும் இல்லை. ஆளுயர மூன்று மூங்கிலைக் கட்டி ஆன்டெனா ஏற்றினால் போதும். அப்படி 1991-ல் என் தகப்பனார் பிடித்த ஒரு நாதஸ்வரக் கச்சேரி இன்றும் ஓடுகிறது. பூஞ்சை பிடித்து, ஓரத்தில் கோடு விழுந்து, ஆனாலும் ஓடுகிறது.

நம் நாட்டில் கதவு சாத்தியது பின்னால். 2011-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, நிகழ்ச்சிகளைச் சங்கேத வடிவில்தான் அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். கிராமங்கள் வரை அது வந்து சேர்ந்தது 2017-ல். திருட்டு இணைப்பைத் தடுப்பதும் எத்தனை வீடு என்று எண்ணுவதும் நோக்கம். அதில் நியாயம் இருக்கிறது. படம் எடுப்பவன் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதை, எழுத்தை விற்றுப் பிழைக்கும் நான் மறுக்க முடியுமா?

வேடிக்கை என்னவென்றால் நம் சட்டம் பெரியம்மா பக்கம் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்றாலும், உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான். ஆகவே பெரியம்மா அதைத் திறக்கலாம். எதைக் கொண்டு திறப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

ஒளிபரப்பிய நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து, அந்த நிகழ்ச்சி தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. ஆச்சரியப்படவில்லை. லண்டன் பி.பி.சி.யே 1960-களின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் பல பகுதிகளை அழித்துவிட்டது. அவற்றின் ஒலியாவது இன்று முழுவதும் கிடைக்கிறதென்றால், வீட்டில் டெலிவிஷன் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்த ரசிகர்களால்தான். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மாள் 2012-ல் இறக்கும் வரை முப்பது வருஷத்துக்கு மேல் இரவு பகலாகச் செய்திகளைப் பதிவு செய்தார். சுமார் 70,000 காஸெட்டுக்கள். பெட்டிக்குப் பெட்டி சாவி வைத்திருந்தால் அவர் வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும்?

தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷில் பெரும்பாலான சானல்கள் இன்னும் பூட்டில்லாமல்தான் வருகின்றன. பெரியப்பா அதில் ஆடியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டது வேறு இடம்.

டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தபோது பெரியம்மா, “உள்ளே இருக்காரா?” என்று கேட்டாள்.

“இருக்கார் பெரியம்மா.”

அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பரண்மேல் இருந்த கூத்துப் பெட்டியை இறக்கச் சொன்னாள். துரியோதனன் கிரீடத்துக்கும் புஜகீர்த்திக்கும் நடுவில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து மூடினாள். அந்தப் பெட்டிக்கு நாதாங்கி மட்டும் உண்டு.