மூன்று புத்தகக் கதைகளும் நம்ம திருத்தணியும்



பள்ளியில் எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் அதில் இரண்டு கட்டங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று "பொழுதுபோக்கு", இன்னொன்று "சமூக சேவை". நாமும் யோசிக்காமல் "புத்தகம் படித்தல்" என்றும் "மரம் நடுதல்" என்றும் எழுதிக் கொடுத்துவிடுவோம். போன மாதம் நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதிய பிறகு ஒரு கேள்வி வந்தது. பாடத்துக்கு வெளியே ஒருவன் படிப்பதும், கூலி வாங்காமல் ஒருவர் செய்யும் வேலையும் உண்மையிலேயே எதையாவது மாற்றுமா? பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம் ஊர் வரலாற்றிலேயே இருந்தது.

முதல் கதை நமக்கெல்லாம் தெரிந்தவருடையது. 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணி, திருப்பதி, வாலாஜாப்பேட்டை, வேலூர் என்று ஊர் ஊராகப் போய் உதவித்தொகையில் படித்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்தது பெரிய கனவினால் அல்ல. உறவினர் ஒருவர் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களை இவருக்குக் கொடுத்தார். புத்தகம் இனாமாகக் கிடைத்ததால் பாடமும் முடிவாகிவிட்டது! அந்தப் பழைய புத்தகங்களில் தொடங்கியவர்தான் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, 1962இல் குடியரசுத் தலைவரும் ஆனார். அந்த ஆண்டு முதல்தான் அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இரண்டாவது கதை இதற்கு நேர் எதிரானது. 1906இல் சென்னையில் பிறந்த ஒரு சிறுவனுக்குப் பாடப் புத்தகம் வாங்கக்கூட வழியில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நெசவு வேலைக்குப் போனான். பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. பிறர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அடுக்கி அடுக்கியே தமிழைக் கற்றுக்கொண்டான். அவர்தான் ம.பொ.சிவஞானம், நாம் சுருக்கமாகச் சொல்லும் ம.பொ.சி.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் காங்கிரஸ் தொண்டராக இருந்தார். அவர் பிறந்த கிராமணி சமூகத்தில் பலருக்குக் கள் இறக்குவதே பிழைப்பு. அவர்களிடமே போய் மதுவிலக்கைப் பேசினார், எதிர்ப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1942 போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டு போகப்பட்டார். வெயிலும் வயிற்று நோயும் உடம்பை உருக்கின. அந்தச் சிறையில்தான் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். பிற்காலத்தில் "சிலம்புச் செல்வர்" என்ற பட்டம் வந்தது, 1966இல் சாகித்திய அகாதமி விருதும் வந்தது. மூன்றாம் வகுப்பு படித்தவருக்கு!

மூன்றாவது மனிதரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நானும் கேள்விப்பட்டதில்லை. அவர் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர். திருத்தணி அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1911இல் அந்த மாவட்டம் உருவானபோது நம் தாலுகாவும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கும் வாய்ப்பு குறைவு. மங்கலங்கிழார் 1940களில் குருவராயப்பேட்டை பக்கம் தமிழ்ச் சங்கம் வைத்து, சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குப் பணம் வாங்காமல் தமிழ் சொல்லிக் கொடுத்தார். இதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை, சான்றிதழும் தரவில்லை.

இவரும் ம.பொ.சி.யும் சேர்ந்த இடம்தான் வடக்கெல்லைப் போராட்டம். ம.பொ.சி. 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். எல்லையில் தமிழ் படித்திருந்த மக்களோடு மங்கலங்கிழார் அவருக்குத் துணை நின்றார். திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகமும் முன்னணியில் இருந்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. மங்கலங்கிழார் அந்த ஆண்டே மறைந்தார். போராட்டம் நிற்கவில்லை. மறியலும் சிறையும் தொடர்ந்தன. கடைசியில் படாஸ்கர் நடுவராக இருந்து சமரசம் செய்தார். 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது.

இதைப் படித்து யாரும் தெலுங்கு நண்பர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நம் வகுப்பிலேயே பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறோம். நம் ஊரின் மிகப் பெரிய மனிதரே தெலுங்கு வீட்டுப் பிள்ளை. எல்லைக் கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் யாராவது சிலர் தாய்மொழிக்கு வெளியே நிற்கத்தான் வேண்டியிருந்தது. சத்தியவேட்டில் இன்றும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த மூன்று பேரிடமும் பிடித்தது ஒன்றுதான். ஒருவருக்குப் பழைய புத்தகம் கிடைத்தது. ஒருவருக்குக் கிடைக்கவே இல்லை, தானே தேடிக்கொண்டார். இன்னொருவர் தான் படித்ததை மற்றவர்களுக்கு இனாமாகக் கொடுத்தார். முதலிருவர் வளர்ந்த கதை நம் பாடத்தில் வந்துவிட்டது. மூன்றாமவர் பலரை வளர்த்தார், அவர் பெயர்தான் நமக்குத் தெரியாமல் போனது. "சமூக சேவை" என்ற கட்டத்தில் எழுதத் தகுதியானது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால் ஒரு சின்ன யோசனை. தேர்வு முடிந்ததும் நம் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போடாமல், நோட்ஸோடு சேர்த்து ஜூனியர்களுக்குக் கொடுப்போம். நான் என்னுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டேன். ஓரத்தில் கிறுக்கியதை மட்டும் அழிக்க வேண்டும்!