சாந்தோமில் பிடிபட்ட துறவி

மயிலாப்பூர் சாந்தோம் 1649-ல் போர்த்துகீசியர் கையில் இருந்தது. சில மைல் தள்ளி, ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டையில் 1642 முதல் கத்தோலிக்கர்களைக் கவனித்து வந்தவர் எஃப்ரேம் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி. அவரை நம்பிப் பலர் அங்கே குடியேறியது சாந்தோம்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. மதவிரோதி என்று பழி சுமத்திப் பிடித்து, கோவா இன்குவிசிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்!

பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்றவர் இயேசு. பாவத்தை ஒப்புக்கொண்டால் மன்னிப்பு உண்டு என்பது கத்தோலிக்க நெறி. இன்குவிசிஷனும் அதையே சொன்னது, ஆனால் சிறையில் அடைத்து வைத்து! அதிலும் இங்கே விசாரித்தவர்கள், விசாரிக்கப்பட்டவர் இருவருமே கத்தோலிக்கர்கள்.

கடைசியில் கோல்கொண்டாவின் முஸ்லிம் தளபதி மீர் ஜும்லா சாந்தோமை நெருக்கிய பிறகே விடுதலை கிடைத்தது. எஃப்ரேம் பிரான்சுக்குப் போகவில்லை. சென்னைக்கே திரும்பி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வேலையைத் தொடர்ந்தார்.