வானம்பாடி சேத்தக் ஆன கதை

எங்க ஊர் இரும்புலியூர். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போவதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. விமானிகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. அங்கே பறக்கும் சேத்தக், ராணா பிரதாப் குதிரையின் பெயரைத் தாங்கியிருப்பதால் அசல் நம்ம ஊர் சரக்கு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாதிதான் சரி!

பிறந்த ஊர் பிரான்ஸ். 1959-ல் முதன்முதலில் பறந்த அலுவெத் 3 தான் அது. அலுவெத் என்றால் பிரெஞ்சில் வானம்பாடியாம். 1962-ல் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் லைசென்ஸ் வாங்கியது. 1965-ல் அங்கே பூட்டிய முதல் ஹெலிகாப்டர் பறந்தது.

பி.காம். படிக்கிறவனுக்கு லைசென்ஸ் என்றதும் ராயல்டி கணக்கும், அதில் மார்க்கைப் பறிகொடுத்த ஷார்ட்வொர்க்கிங்ஸும்தான் ஞாபகம் வரும் :) தொழிற்சாலையில் கதை வேறு. முதலில் பாகங்கள் பெட்டியில் வரும், நாம் பூட்டுவோம். பிறகு பாகங்களை நாமே செய்வோம். கடைசியில் இன்ஜின் வரைக்கும் பெங்களூரில். இப்படி 300-க்கும் மேற்பட்ட சேத்தக்குகள் வந்தன.

இதைவிட சுவாரசியம் சீத்தா. இமயமலை உயரத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்று இந்தியா கேட்டதால், அலுவெத் 2-ன் உடம்பில் அலுவெத் 3-ன் இன்ஜினையும் ரோட்டரையும் வைத்து பிரெஞ்சுக்காரர்கள் லாமாவைச் செய்தார்கள். 1972-ல் அது 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை! அதையும் லைசென்ஸில் செய்து சீத்தா என்று பெயர் வைத்தோம். 1984 முதல் சியாச்சின் வீரர்களுக்கு அதுதான் உயிர்நாடி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வரைபடம் கைக்கு வந்ததே தவிர, அடுத்ததை வரையும் அவசரம் வரவில்லை என்பது என் எண்ணம். 1992-ல் பறந்த துருவ் நம் சொந்தத் தயாரிப்புதான், ஆனால் அது பெரிய ரகம். ஒற்றை இன்ஜின் கிழவர்களே மலையேறிக்கொண்டிருந்தார்கள். விபத்துகள் கூடவே, ராணுவ அதிகாரிகளின் மனைவியரே இவற்றை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தார்கள். 2015-ல் ரஷ்யாவின் கமோவ் ஹெலிகாப்டர்கள் 200-ல் பெரும்பகுதியை இங்கே தயாரிக்க ஒப்பந்தம் போட்டார்கள். உள்நாட்டு பாகங்கள் எவ்வளவு என்ற இழுபறியில் அது படுத்துவிட்டது.

எச்.ஏ.எல்.-ன் சொந்த இலகுரக ஹெலிகாப்டர் 2016-ல்தான் முதலில் பறந்தது. அதன் இன்ஜின், பிரான்சின் டர்போமெக்காவோடு சேர்ந்து உருவாக்கிய சக்தி இன்ஜினின் ஒரு வடிவம். 1962-ல் வாங்கிய அலுவெத்துக்கு இன்ஜின் செய்ததும் அதே டர்போமெக்காதான்!