விண்ட்ஸ்கேல் அணுவுலைத் தீயும் பசுப்பாலும்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலே, கம்பர்லாந்துப் பகுதியைச் சார்ந்த விண்ட்ஸ்கேலில், அணுக்குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தை ஆக்குதற்கென இரண்டு உலைகள் நிறுவப்பட்டிருந்தன. 1957 ஒக்டோபர் 10 ஆம் நாள், முதலாம் உலையின் உட்புறந் தீப்பற்றியிருத்தல் தெரியவந்தது. மறுநாட் காலை நீர் பாய்ச்சியே அதனைத் தணித்தனர். கொக்கிறொவ்ற் என்னும் அறிஞர் வற்புறுத்தியமையாற் புகைபோக்கிகளின் உச்சியில் வடிகள் பொருத்தப்பட்டிருந்தன. வீண்செலவென்று முன்னர் எள்ளப்பட்ட அவையே துகள்களிற் பெரும்பகுதியைத் தடுத்தன. ஆவியாய் எழுந்த அயடீன் 131 அவற்றுக்கு அகப்படவில்லை.

காற்றைச் சுவாசித்தலாலேயே தீங்கு நேருமென முதலில் அஞ்சினர். அளந்து பார்த்தபோதோ இடர் புல்லிலே கிடந்தது. ஒரு பசு நாள்தோறும் பரந்த நிலத்தை மேய்கின்றது. அப்பரப்பிற் படிந்த அயடீன் ஓரிரு நாளிற் பாலில் வந்து சேர்கின்றது. பாலையே உணவாகக் கொள்ளுங் குழந்தையின் சிறிய தைரொயிட்டுச் சுரப்பி அதனை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆயின், பாலில் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு அன்று வகுத்த வரம்பொன்றும் இருக்கவில்லை. விஞ்ஞானிகள் அவசரமாகக் கணித்து, லீற்றருக்கு 0.1 மைக்கிரோகியூரி என வரையறுத்தனர். ஒக்டோபர் 12 இல் அயற்பண்ணைகளின் பால் விலக்கப்பட்டது. 15 ஆம் நாளளவில் அவ்விலக்குக் கரையோரமாக 200 சதுர மைல் வரை விரிந்தது. கறந்த பால் கடலிலும் வடிகால்களிலும் ஊற்றப்பட்டது. பண்ணையாளர் இழப்பீடு பெற்றனர். அயடீன் 131 எட்டு நாளிற் பாதியாகும். எண்பது நாளில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கே எஞ்சும். அதனை மட்டுங் கருதின், பாலைப் பொடியாக்கிச் சேமித்திருக்கவும் இடமுண்டு. எனினும் அன்றைய கலக்கத்தில் அப்பொடியை வாங்குவார் யார்? நவம்பர் 23 இல் இறுதித் தடையும் நீங்கியது.

வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது அளவீடுகளுக்கும் அறிக்கைக்கும் நேர்ந்த வேறுபட்ட கதியையே. பால் பற்றிய அளவீடுகள் 1958 இல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டிலேயே உலகறிய வைக்கப்பட்டன. விபத்தின் காரணங்களை ஆராய்ந்த பென்னியின் அறிக்கையோ, பிரதமர் மக்மில்லனின் விருப்பப்படி முழுமையாக வெளிவரவில்லை; சுருக்கமே அச்சேறியது. அமெரிக்காவோடு நாடிய அணுவாயுத ஒத்துழைப்புக் குலையுமென்ற அச்சமே அதற்கு முதற்காரணம். முழு அறிக்கை 1988 ஜனவரியிலேதான் ஆவணக்காப்பகத்திலிருந்து வெளிப்பட்டது. பொலோனியம் 210 உங் காற்றிற் கலந்ததென்பதும் 1980களிலேயே பொதுமக்கட்குத் தெரிந்தது. உழவனுக்குப் பாலின் உண்மையைச் சொன்ன அரசு, உலையின் உண்மையை முப்பதாண்டு பூட்டிவைத்தது.

1986 இற் செர்னோபில் உலை வெடித்தபோது, அயற்கிராமங்கள் பலவற்றிற் பால் உடனே தடுக்கப்படவில்லை. சிறுவர் அதனைப் பருகினர். பெலாருஸ், உக்ரேன், ரஷ்யா ஆகிய நாடுகளில் அச்சிறுவரிடையே பின்னர் ஆயிரக்கணக்கில் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்டது.